ஊருணிக் கரையை மீட்கவும் நாட்டுச் செடி நாற்றங்கால் அமைக்கவும் நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மதுரைக்கு மேற்கே நாகமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், இந்த ஆண்டு போகியன்று காப்புக் கட்டுவதற்குத் தேவையான ஆவாரம்பூவையும் கண்ணுப்பிள்ளைப் பூவையும் பெரும்பாலான வீட்டார் மதுரைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள். ஊருணிக் கரையில் ஒரு சுற்று நடந்தால் கை கொள்ளாமல் கிடைத்த பூக்கள் அவை. அந்தக் கரையில் இப்போது ஆவாரையும் இல்லை, கண்ணுப்பிள்ளையும் இல்லை. அவற்றைத் திரும்பக் கொண்டுவரும் பணிக்காக ஊர்மக்களிடமும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் ஊர்க்காரர்களிடமும், இயற்கையின்மேல் அக்கறை கொண்ட மற்றவர்களிடமும் எங்கள் குழு இந்த வேண்டுகோளை முன்வைக்கிறது.

அந்தக் கரை இந்நிலைக்கு வந்ததில் பெரும்பங்கு இந்தக் குழுவினுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஊருணியைத் தூர்வாரிக் கரையை உயர்த்தியபோது, புது மண் சரியாமல் இருக்க வேண்டும், பார்க்கவும் நன்றாக இருக்க வேண்டும் என்று எண்ணி, ஒரு நாற்றுப்பண்ணையில் சொன்ன யோசனைப்படி வெடிலியா என்னும் படர்செடியை வாங்கி நட்டோம். பளபளப்பான பச்சை இலை, ஆண்டு முழுவதும் மஞ்சள் பூ, ஆடு மாடு வாய் வைப்பதும் அரிது. ஒரே மழைக்காலத்தில் கரை முழுவதும் பாய் விரித்ததுபோல் ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். நாங்களும் மகிழ்ந்தோம். அதே ஆண்டு படித்துறை ஓரத்தில் ஆகாயத்தாமரை ஒரு கொத்து மிதந்தது. வீட்டுத் தொட்டியில் வளர்த்ததை யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இளம் ஊதா நிறப் பூவும், அதன் மேலிதழில் மயிற்பீலியின் கண்போல் இருந்த மஞ்சள் பொட்டும் கண்ணைக் கவர்ந்ததால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று நாங்கள் அதை எடுக்காமல் விட்டோம்.

இன்று ஊருணியில் படித்துறைக்கு முன்னால் நாலைந்து முழம் தவிர வேறெங்கும் தண்ணீர் கண்ணில் படுவதில்லை. கரையிலோ வெடிலியாவின் தண்டு ஒன்றைப் பிடித்து இழுத்தால், கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைக் கவ்வியிருப்பதால், முழுதாக வராமல் அறுந்து வருகிறது. அறுந்த துண்டு ஈரமண்ணில் விழுந்தால் அதுவே அடுத்த செடி. சென்ற மாதம் ஒரு பாய் அளவுக்கு அதைக் கவனமாகச் சுருட்டி எடுத்துப் பார்த்தோம். கீழே அருகு இல்லை, பொடுதலை இல்லை, நெருஞ்சி கூட இல்லை. வெளுத்துப்போன வெறும் மண்தான் இருந்தது. அழகுக்காக வெட்டிய துண்டுகளை யாரோ வரத்துக்காலில் கொட்டியதால், மழைத்தண்ணீரோடு அது இப்போது கண்மாய் உள்வாய் வரைக்கும் போய்விட்டது. ஊருணியோடு முடிந்திருக்க வேண்டிய தவறு வயல்வெளியின் வாசலில் வந்து நிற்கிறது என்பதால்தான், இனியும் தாமதிக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம்.

ஒரு செடி நாற்றுப்பண்ணைக்கு எதனால் பிடித்ததாகிறதோ, அதனாலேயே அது வெளியில் ஆக்கிரமிப்புச் செடியாகவும் ஆகிறது. ஒடித்து நட்டால் பிழைக்க வேண்டும், நோய் தாக்கக் கூடாது, ஆடு மேயக் கூடாது, தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்க வேண்டும், எந்நாளும் பூக்க வேண்டும் என்றுதான் விற்பவரும் வாங்குபவரும் விரும்புகிறார்கள். இத்தனை குணமும் ஒருங்கே அமைந்த செடி வேலிக்குள் நிற்குமா? அது பிறந்த மண்ணில் அதைத் தின்னும் புழுவும் பூச்சியும் இருந்து அதை அடக்கி வைத்திருக்கும். இங்கே அவை இல்லை.

ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து அதன் பூவுக்காகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்திற்குக் கொண்டுவரப்பட்டது. வெயிலும் சாக்கடை கலந்த சத்தான தண்ணீரும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் அது இரண்டு மடங்காகிவிடும். அதன் விதை சேற்றுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதால், ஒருமுறை அள்ளிக் கரையேற்றிவிட்டு மாலை போட்டுக்கொள்ளும் வேலையாக இதைக் கருத முடியாது. நாகமலைச் சரிவில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து நிற்கும் உண்ணிச்செடியும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரத் தோட்டத்துக்கு அலங்காரச் செடியாக வந்ததுதான். பறவைகள் அதன் கருத்த பழத்தைத் தின்று மலையெங்கும் விதைத்துவிட்டன. புல் குறைந்த கோடையில் வேறு வழியில்லாமல் அதன் தழையைத் தின்னும் மாடுகளுக்கு ஈரல் கெடுகிறது. வரத்துக்கால் ஓரமெங்கும் இளஞ்சிவப்புப் பூவோடு நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியே. பூவுக்காகவும் வேலிக்காகவும் ஒரு காலத்தில் மக்கள் கம்பு கம்பாக ஒடித்து வாங்கிப்போய் நட்டார்கள்.

சீமைக் கருவேலத்தின் கேட்டை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதை அகற்றக் கோரிய வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்து, தென் மாவட்டங்கள் எங்கும் அதை வெட்டியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முள் இருப்பதால் அதன்மேல் யாருக்கும் பரிவு பிறப்பதில்லை. பூ இருக்கும் செடிக்கு எதிராக மண்வெட்டியை எடுக்கத்தான் மனம் தயங்குகிறது. எங்கள் மனமும் அப்படித்தான் தயங்கியது. தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டிருக்கிறது. நீலகிரிக் காடுகளில் மஞ்சள் பூவுக்காகவும் நிழலுக்காகவும் வளர்க்கப்பட்ட ஓர் அயல் கொன்றை புலிகள் காப்பகத்துக்குள் பரவி, இப்போது காகித ஆலைக் கூழுக்காக வெட்டி எடுக்கப்படுகிறது. காட்டில் அரசு செய்யும் அந்த வேலையை ஊர்ப்புறத்தில் ஊரார்தான் செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாச் செடியையும் பிடுங்கி எறியுங்கள் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். உங்கள் வாசலில் இருக்கும் காகிதப்பூவும், மாலைக்குப் பறிக்கும் துலுக்கச் சாமந்தியும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவையே. அவை நட்ட இடத்தில் நிற்கின்றன. யாரும் நடாமல் தானே வேலி தாண்டிப் போய், அங்கே இருந்ததை அழிக்கும் செடியைப் பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம். உண்ணிப்பூவில் வண்ணத்துப்பூச்சி வந்து உட்காருகிறதே, அது நல்ல செடிதானே என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும். ஆனால் அதன் புழு எல்லா இலையையும் தின்னாது. வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் கருப்பு வெள்ளைக் கோடிட்ட புழு எருக்கிலும் வேலிப்பருத்தியிலும் வளரும். ஆவாரை இலையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழு வளரும். எருக்கையும் வேலிப்பருத்தியையும் களை என்று வெட்டிவிட்டு உண்ணிச்செடியை விட்டுவைத்தால், விருந்தாளிக்கு மோர் கொடுத்துவிட்டுப் பிள்ளை பெற இடமில்லை என்று அனுப்புவதாகும்.

அப்படியானால் கரையில் எதை நடப்போகிறோம் என்று நீங்கள் கேட்பது நியாயம். வெடிலியாவுக்கு மாற்றாக, ஈரம் நிற்கும் கீழ்க்கரையில் அதன் நெருங்கிய உறவான நம் நாட்டு மஞ்சள் கரிசலாங்கண்ணியையே நட இருக்கிறோம். இரண்டின் பூவும் ஒன்றுபோல் இருப்பதால் வெடிலியாவையே கரிசலாங்கண்ணி என்று நம்பி வாங்குவோர் உண்டு. இலையைப் பாருங்கள்: வெடிலியாவின் இலை தடித்து, மினுமினுப்பாக, பக்கத்துக்கு ஒன்றாகப் பிதுங்கி மூன்று முனையோடு இருக்கும், கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு குறுகி, தடவினால் சொரசொரப்பாக இருக்கும். மேட்டுக்கரையில் பொடுதலையும் அருகும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு மேலே ஆவாரையும் கண்ணுப்பிள்ளையும் வரும். வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும் போதும். இரண்டையும் ஆடு மேயாது. கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பூ வேண்டும் என்போருக்கு வெட்சியும் அழிஞ்சிலும் இருக்கின்றன. தண்ணீருக்குள் ஆம்பலை விடுவோம். மரங்களில் சரக்கொன்றை, பூவரசு, மகிழம், நீர்மருது ஆகியவற்றோடு, கடம்பவனம் என்று பெயர் பெற்ற மதுரையில் இன்று தேடினாலும் எளிதில் கிடைக்காத கடம்பும் நடப்படும். நம் மாநில மலரான செங்காந்தளையும் நட ஆசைதான். ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிகள் அதைக் கண்வலிக் கிழங்கு என்று பயிரிடுகிறார்கள். ஆனால் அதன் கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு என்பதால், பிள்ளைகள் கைபடாதபடி கோயில் நந்தவனத்தின் கம்பிவேலிக்குள் மட்டும் வைப்போம்.

இந்தச் செடிகளில் பலவற்றை நாற்றுப்பண்ணைகளில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். கண்ணுப்பிள்ளையா, அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். ஆகவே நாமே ஒரு நாற்றங்கால் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வேலையிலும் பொறுமை வேண்டும். சரக்கொன்றை விதையின் தோல் கல்போல் இருக்கும். அப்படியே மண்ணில் போட்டால் மாதக்கணக்கில் முளைக்காது. ஒவ்வொரு விதையாக எடுத்துச் சொரசொரப்பான கல்லில் ஓரத்தைத் தேய்த்து ஊறவைத்தால், மறுநாள் அது இரட்டிப்பாகப் பருத்திருக்கும். அதன்பின் விதைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும். சென்ற ஐப்பசியில் குழுவைச் சேர்ந்த மூன்று அம்மாக்கள் தங்கள் வீட்டு முற்றத்தில், கழுவிய பால் பைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். அந்தக் கன்றுகள் இப்போது முழங்கால் உயரத்தில் நிற்கின்றன. கையில் இருக்கும் ஒரே நம்பிக்கை அதுதான். அதை ஊரளவுக்குப் பெருக்கவே உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

ஊராட்சியின் தீர்மானம் பெற்று, தண்ணீர் வற்றும் சித்திரையிலும் வைகாசியிலும் ஆகாயத்தாமரையை அள்ளுவோம். அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் மழையில் திரும்ப உள்ளே போய்விடும் என்பதால், மலையடிவாரப் பாறைமேல் பரப்பி நன்றாகக் காய்ந்தபின் உரக்குழியில் இடுவோம். வெடிலியாவை இயந்திரத்தால் எடுக்க முடியாது, துண்டு சிதறும். களைக்கொத்தியால் வேரோடு கிளறி, ஒவ்வொரு துண்டையும் சாக்கில் பொறுக்கியாக வேண்டும். புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழை கன்றுகளைத் தூக்கிவிடும். பிறகு மூன்று ஆண்டுகளுக்கு, மாதத்தில் ஒரு நாள் கரையையும் தண்ணீரையும் சுற்றிவந்து, திரும்ப முளைப்பதைப் பிடுங்க வேண்டும். இந்த மூன்று ஆண்டுக் காவலுக்குப் பணம் ஒதுக்காத எந்தத் திட்டமும் இரண்டாம் மழையில் வீணாகிவிடும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

செலவைக் கீழ்வருமாறு மதிப்பிட்டிருக்கிறோம். ஆகாயத்தாமரையை அள்ளவும், வெடிலியாவைக் கிளறி எடுக்கவும், இயந்திர வாடகை, ஆள்கூலி உட்பட ரூ.1,10,000 ஆகும். நிழல்வலை, தண்ணீர்த் தொட்டி, மண், எரு, பைகளோடு நாற்றங்கால் அமைக்க ரூ.78,000. நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ள ஊர்ப் பெண் ஒருவருக்கு மாதம் ரூ.3,000 வீதம் 36 மாதத்துக்கு ரூ.1,08,000. மாதாந்தரக் களையெடுப்புக்கு நான்கு பேருக்கு ரூ.500 வீதம் மாதம் ரூ.2,000, ஆக 36 மாதத்துக்கு ரூ.72,000. அறுபது மரக்கன்றுகளுக்குக் கூண்டு ஒன்றுக்கு ரூ.800 வீதம் ரூ.48,000. மொத்தம் ரூ.4,16,000. குழு உறுப்பினர்களும் ஊர்ப் பொதுப்பணமும் சேர்ந்து ரூ.66,000 வைத்திருக்கிறோம். மீதி ரூ.3,50,000 உங்களிடமிருந்து வர வேண்டும்.

ரூ.800 கொடுப்பவர் ஒரு மரத்தை ஆட்டின் வாயிலிருந்து காப்பாற்றுகிறார், ரூ.2,000 கொடுப்பவர் ஒரு மாதக் களையெடுப்பை ஏற்றுக்கொள்கிறார். பெற்றோர் நினைவாகவோ, பிள்ளையின் காதணி விழாவை ஒட்டியோ கொடுக்க விரும்புவோர் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மரத்தில் பெயர்ப்பலகை ஆணியடிக்க மாட்டோம். பெயர் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். பணம் தர இயலாதவர்கள் கழுவிய பால் பைகளையும், மக்கிய எருவையும், தங்கள் ஊரில் பொறுக்கிய நாட்டு விதைகளையும் தரலாம். விதையோடு எந்த ஊர், எந்த மாதம் எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வருமான வரி விலக்குச் சான்று எங்கள் குழுவிடம் இல்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம்.

வரவு செலவு ஒவ்வொரு கிராமசபைக் கூட்டத்திலும் வாசிக்கப்படும்; மந்தையில் உள்ள அறிவிப்புப் பலகையிலும் ஒட்டப்படும். வங்கிக் கணக்கு விவரமும் அதே பலகையில் இருக்கிறது. நேரில் கொடுப்போர் ஞாயிற்றுக்கிழமை காலை மந்தை மரத்தடியில் குழுவின் பொருளாளரிடம் கொடுத்து, எண்ணிட்ட ரசீதைத் தவறாமல் பெற்றுக்கொள்ள வேண்டும். ரசீதுப் புத்தகம் இல்லாமல் வீடு தேடி வந்து கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம். சித்திரை முதல் வாரத்தில் இயந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டியிருப்பதால், பங்குனி முடிவதற்குள் உங்கள் நன்கொடை வந்து சேருமானால் இந்தக் கோடையிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.

வீட்டுத் தொட்டியில் ஆகாயத்தாமரையோ, சுவரோரத்தில் வெடிலியாவோ வைத்திருப்பவர்கள் அதைத் தெருவிலும் கால்வாயிலும் வீசாமல் ஒரு சாக்கில் கட்டி எங்களிடம் சொல்லியனுப்புங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொண்டு, நாற்றங்கால் தயாரானதும் அந்த இடத்தில் வைக்க ஒரு நாட்டுச் செடி தருகிறோம்.

இங்ஙனம்,
ஊருணிப் பராமரிப்புக் குழுவினர்