ஒரு கடன் பத்திரத்தையும் ஒரு காணிப் பேர்மிற்றையும் வகுப்பறைக்குள் எடுத்து வாருங்கள்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர்களுக்கும், வன்னிப் பாடசாலைகளின் அதிபர்கள், ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பிரதேச செயலகம் ஒன்றின் முன்னால் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவன் நான். பிரதி எடுத்துக் கொடுப்பது பாதி வேலை, படிவம் நிரப்பிக் கொடுப்பது மீதி. எழுத்து வாசிப்புத் தெரியாத முதியவர்கள்தான் வருவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உயர்தரம் முடித்த பிள்ளைகள் வருகிறார்கள். வங்கியில் காசு போடும் துண்டை நீட்டி, "அண்ணை, இதில எங்க என்ன எழுதுறது?" என்று மெதுவாகக் கேட்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் வீட்டில் பழக வேண்டியது என்று நீங்கள் சொல்லலாம். மற்ற இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. தகப்பன் கந்தோருக்குப் போகும்போது மகனும் கூடப் போவான், தாய் சீட்டுக்கணக்குப் பார்க்கும்போது மகள் பக்கத்தில் இருப்பாள். எங்கள் பக்கம் அந்தத் தொடர்ச்சி அறுந்து போனது. 2008இலும் 2009இலும் கடைசிப் போரில் ஊர் ஊராக ஓடி, மாத்தளன் கடற்கரை மணலில் பதுங்குகுழி வெட்டி, பிறகு மெனிக் பாம் அகதி முகாமில் வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று தாய் தகப்பன். மெனிக் பாம் மூடப்பட்டதே 2012இல். பதுங்குகுழி வெட்டத் தெரிந்த அந்தத் தலைமுறைக்கு வங்கிக் கணக்கைப் பற்றிச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. தங்களுக்குக் கிடைக்காததை அவர்கள் எங்கிருந்து எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள்? அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

முதலில் கடன். போர் முடிந்து பாதை திறந்த கையோடு லீசிங்காரரும் குழுக்கடன்காரரும் வந்தார்கள். என் கடைக்கு வரும் கடன் பத்திரங்களில் ஒரு கணக்கு திரும்பத் திரும்ப வரும். 50,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 12 மாதத் தவணை. வட்டி 12,000, மொத்தம் 62,000, மாதம் 5,167 ரூபா. கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மாதாமாதம் முதலும் கட்டிக்கொண்டுதானே வருகிறோம்? ஆறு மாதம் போனால் கையில் இருக்கும் கடன் ஏறக்குறைய பாதிதான். வட்டியோ கடைசி மாதம் வரை முழு 50,000க்கும் போகிறது. குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் உண்மையான வட்டி 40 வீதத்தைத் தாண்டும். கணித பாடத்தில் வட்டி இருக்கிறது, பிள்ளைகள் அதைச் செய்து புள்ளியும் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கும் அம்மா கையெழுத்து வைக்கும் பத்திரமும் ஒன்றுதான் என்று வகுப்பில் யாரும் காட்டுவதில்லை. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

பிணைக் கையெழுத்தும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார் என்று வைக்கிறார்கள். அவர் கட்டாவிட்டால் தாங்கள் கட்ட வேண்டும் என்பது, வசூலுக்கு ஆள் படலையில் வந்து நிற்கும்போதுதான் விளங்குகிறது. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், தவணை கட்ட முடியாமல் போன பெண்களின் ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே பொறுப்பேற்க வேண்டி வந்தது. வட்டிக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். நல்லது. ஆனால் அந்த 35 எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்று கேட்கத் தெரிந்தவர் ஊருக்கு எத்தனை பேர்?

அடுத்தது காணி. வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் இருக்கும் காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. கையில் இருப்பது பேர்மிற், அதாவது அரச காணிக்கான அனுமதிப் பத்திரம். அது காணி உறுதி இல்லை. அனுமதியில்லாமல் விற்க முடியாது. வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சியும் வைத்து வாங்கினாலும் சட்டத்தின் முன் அது கைமாறியதாகாது. வாழ்நாள் உழைப்பை அப்படிக் கொடுத்துவிட்டு என் கடை வாங்கில் வந்து உட்கார்ந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பேர்மிற்காரர் உயிரோடு இருக்கும்போதே, தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பதிய வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. பதியாமல் விட்டால் பிள்ளைகளுக்குள் மூத்த ஆண் பிள்ளைக்கே முதலிடம் என்றிருந்த சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, பெண் பிள்ளைகளுக்கும் சம உரிமை வந்திருக்கிறது. அதை எத்தனை தங்கச்சிமாருக்கு யார் சொன்னார்கள்?

கணவர் காணாமற்போய், பேர்மிற் அவர் பெயரிலேயே கிடக்கும் வீடுகள் இங்கே ஏராளம். மரணச் சான்றிதழ் எடுக்க அந்தப் பெண்களுக்கு மனம் வராது, வரவும் வேண்டாம். காணாமற்போனவர் என்றே பதிந்து தரும் சான்றிதழ் ஒன்றுக்கு 2016இல் சட்டம் வந்தது. அது தெரியாமல் வருடக்கணக்காகக் கந்தோர் வாசலில் நிற்கும் தாய்க்கு, பத்தாம் வகுப்பில் படிக்கும் மகளால் சொல்ல முடிந்தால் எவ்வளவு பெரிய உதவி! அரசாங்கக் கந்தோர் பதில் தராவிட்டால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம், 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

பாம்புக்கடியையும் விட முடியவில்லை. வயலும் காடும் சூழ இருக்கிறோம். கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் இன்னும் நடக்கிறது. மூன்றுமே கூடாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து 1990 அம்புலன்சுக்கு அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இரவில் பாயில் படுத்திருக்கும்போது தீண்டும் கட்டுவிரியனின் பல்லடையாளம் தெரியாமலும் போகும், வலியும் பெரும்பாலும் இருக்காது. விடியப்புறம் வயிறு வலிக்கிறது என்று எழும்பும் பிள்ளையின் கண் இமை சரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அப்புறம் நீச்சல். இத்தனை குளங்கள் இருக்கும் நாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் இத்தனை பேர் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பாடத்திட்டம் நிரம்பி வழிகிறது, சோதனைக்கே நேரம் போதவில்லை என்பீர்கள். தெரியும். புதுப் பாடம் ஒன்றும் கேட்கவில்லை. 1972இல் தொழில் முன்னிலைப் பாடம் என்று ஊர்த் தொழிலை வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள், ஆட்சி மாறியதும் சில வருடங்களில் அது போய்விட்டது. கொழும்பில் வருவது கொழும்பிலேயே போகும். நான் கேட்பது வலய மட்டத்தில் நீங்களே செய்யக்கூடியது: ஒன்பதாம் வகுப்பிலிருந்து கிழமைக்கு ஒரு பாடவேளை. ஒன்பது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண தரம் வரை நிற்காமல் கூலிக்குப் போகும் பிள்ளைகளுக்குத்தான் இது முதலில் தேவை. வட்டியைக் கணித ஆசிரியரே சொல்லலாம். காணிக்குப் பிரதேச செயலகத்தின் காணிப் பகுதி உத்தியோகத்தரையும், பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரித் தாதியையும் அழையுங்கள். கேட்டால் வருவார்கள். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு கறி சமைக்கவும், பெண் பிள்ளைகளுக்குப் பியூஸ் மாற்றவும் அதே பாடவேளையில் பழக்குங்கள்.

பெயரும் இலக்கமும் மறைத்த கடன் பத்திரம், பேர்மிற், வங்கித் துண்டு, பிறப்பத்தாட்சி விண்ணப்பம், தகவல் கோரும் படிவம் எல்லாவற்றையும் தமிழில் நான் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்தப் பாடசாலை கேட்டாலும் வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பிரதி எடுத்துத் தருவேன். காசு வேண்டாம். அடுத்த தவணை தொடங்குவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் சொல்லியனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
வன்னியில் போட்டோக்கொப்பிக் கடை நடத்தும் ஒருவர்