போர்த்துகீசியரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் குடியேறியவர்களைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் ஐரிஷ்காரர்கள், இத்தாலியர்கள் எல்லாரும் வந்தார்கள். போர்த்துகீசியரை மட்டும் காணோம். வருத்தமாக இருந்தது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டு, ஃபால் ரிவர் ஊர்களுக்கு அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான அசோரஸ் தீவுகளின் மக்கள் முதலில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் வந்தார்கள். அப்புறம் பஞ்சாலை வேலைக்கு. 1957 செப்டம்பரில் அசோரஸ் தீவுகளில் ஒன்றான ஃபாயல் தீவின் கரையோரம் எரிமலை வெடித்து, வீடுகளும் விளைநிலங்களும் சாம்பலில் புதைந்தன. மறு ஆண்டே செனட்டர்கள் பாஸ்டோரும் கென்னடியும் (பின்னாளில் ஜனாதிபதியான அதே கென்னடிதான்) கொண்டுவந்த சட்டம், அந்தக் குடும்பங்களுக்கு 1,500 விசாக்களை ஒதுக்கியது.

எல்லாம் இழந்து வந்தவர்களும் பரிசுத்த ஆவி திருவிழாவை விடவில்லை. ஊர்வலத்தில் வெள்ளிக் கிரீடம் போகும். அது முடிந்ததும் பந்தி. ரொட்டித் துண்டுகள் மேல் புதினா மணக்கும் மாட்டிறைச்சிச் சாற்றை ஊற்றிக் கொடுப்பார்கள். 'சோப்பாஸ்' என்று பெயர். காசு கிடையாது, யார் எந்த ஊர் என்ற விசாரணையும் கிடையாது. பிழைக்க வந்த இடத்தில் ஊருக்கே சாப்பாடு போடுகிற மக்கள் இவர்கள். அடுத்த இணைப்பில் ஒரு பக்கமாவது இவர்களுக்குக் கொடுங்கள்.

– வாசகர், திண்டுக்கல்