குறுவட்டக் கணக்கை அளந்து போடுங்கள்

ஆசிரியருக்கு,

2017 நிலத்தடி நீர் மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிர்காக்கள்) 462 ‘அதிநுகர்வு’ப் பட்டியலில், அதாவது ஊறுவதைவிட அதிகம் இறைப்பவை என்ற பட்டியலில் இருந்தன. பட்டியல் வந்தால் செய்தி வருகிறது. அடியிலுள்ள கணக்கை யாரும் தொடுவதில்லை.

100 சதுர கி.மீ. குறுவட்டம் ஒன்றில் மழைக்குப்பின் நீர்மட்டம் 3 மீட்டர் ஏறியது என்போம். நீர் ஏறிய பாறையின் கன அளவில் வடியக்கூடிய நீரின் பங்கு, களி மிகுந்த சிதைந்த பாறைக்கு 1.5 சதவீதம், களி குறைந்ததற்கு 3 சதவீதம் என்பது மதிப்பீட்டு விதிமுறை. முதலாவதை எடுத்தால் ஊறிய நீர் 45 லட்சம் கன மீட்டர். இரண்டாவதை எடுத்தால் 90 லட்சம். எடுக்கும் நீர் 60 லட்சம் என்றால், மற்றக் கூட்டல் கழித்தல்களை விட்டுவிட்டால், ஒன்றில் இறைப்பு ஊறியதில் 133 சதவீதம், அதிநுகர்வு. மற்றதில் 67 சதவீதம், பாதுகாப்பு! மழையும் பம்புசெட்டும் அதேதான்.

அந்த 60 லட்சமும் அளந்ததல்ல. விவசாய மின்சாரம் இலவசம், பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. கிணறுகளின் எண்ணிக்கையைச் சராசரி இறைப்பால் பெருக்குகிறோம்.

பாறையின் சதவீதம், இறைப்பு இரண்டையும் ஒரே ஆய்வால் சரிசெய்யலாம். கால்வாய்ப் பாசனமில்லாத குறுவட்டங்களில் சில கிணறுகளைத் தேர்ந்து, மோட்டாரில் அது ஓடிய நேரத்தைக் காட்டும் மணிக்கணக்கு மீட்டர் பொருத்த வேண்டும். இறைக்கும் வேகத்தை டிரம் வைத்து அளந்து அந்த நேரத்தால் பெருக்கலாம். 200 லிட்டர் டிரம் 40 நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர். இதை மோட்டார் போட்டவுடன் மட்டும் பார்ப்பது வீண். கடும்பாறைக் கிணற்றில் போகப்போக நீர்வரத்து குறையும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்க வேண்டும். மழையில்லாத பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இறைத்த நீரில் வயலிலிருந்து திரும்ப ஊறுவதைக் கழித்து, மிச்சத்தைப் பரப்பையும் நீர்மட்ட இறக்கத்தையும் பெருக்கி வந்ததால் வகுத்தால், அந்த மண்ணுக்கே உரிய சதவீதம் கிடைத்துவிடும்.

நீர்மட்ட அளவிலும் ஓட்டை உண்டு. மே மாதம் வற்றிய கிணற்றைச் சராசரியிலிருந்து விட்டுவிட்டால் இறக்கம் குறைவாகத் தெரியும். ஆழத்துப் பாறை வெடிப்பைத் தொடும் ஆழ்துளைக் கிணற்றின் அளவையும் திறந்த கிணற்றின் அளவையும் கலந்தால் வரும் எண் எதையும் காட்டாது. பக்கத்து மோட்டார் ஓடும்போது எடுத்த அளவும் அப்படியே.

நிலத்தடி நீரைப் பெருக்கத் தடுப்பணைக்கு நிதி ஒதுக்குமுன் அந்தக் குறுவட்டத்தில் இந்த ஆய்வை ஒரு கோடையாவது அரசு நடத்தி, கிணறுவாரியான அளவுகளை இணையத்தில் வெளியிட வேண்டும்.

நிலநீரியலாளர் ஒருவர்,
நாமக்கல்