எலக்ட்ரானிக்ஸ் அடிப்படைக்குத் தமிழில் புத்தகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகுகளில் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், பேசுவதற்கான விஎச்எஃப் வயர்லெஸ் எல்லாம் வந்துவிட்டன. உப்புக்காற்றில் இவை அடிக்கடி மக்கர் பண்ணும். சரிபார்ப்பது பெரும்பாலும் நம்மூர்ப் பையன்கள். யூடியூப் பார்த்தே தொழில் கற்றவர்கள், சால்டரிங் அவ்வளவு சுத்தமாக வைப்பார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்க அவர்கள் கடையில் ஒரு புத்தகம்கூட இல்லை.

எங்கள் பக்கத்துப் படகு ஒன்றில் வயர்லெஸ் செட்டில் குரல் நன்றாகக் கேட்கிறது, மைக்கை அழுத்திப் பேசினால் செட் அணைந்துவிடுகிறது. போர்டு போய்விட்டது என்று காசு செலவழித்து மாற்றினார்கள், அப்புறமும் அதே கதைதான். கடைசியில் பார்த்தால் பேட்டரி வயரின் லக்கில், அதாவது வயர் முனையில் இருக்கும் உலோக இணைப்பில், பச்சைக் களிம்பு! பேசாமல் இருக்கும்போது செட் மிகக் குறைவாகவே கரண்ட் எடுக்கும், அதனால் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்று சரியாகவே காட்டும். 25 வாட் செட் பேசும்போது ஏறக்குறைய 5 ஆம்பியர் இழுக்கும், களிம்பில் வெறும் 0.4 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும், மிச்சம் போதாமல் செட் அணைந்துவிடும். ஓம் விதிதான், பள்ளியில் எல்லோரும் படித்தது. ஆனால் அதைப் பழுது பார்க்கும் இடத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. வீடியோவில் எந்தப் பார்ட்டை மாற்றுவது என்று காட்டுவார்கள், அது ஏன் போனது என்பது பெரும்பாலும் வராது.

நல்ல புத்தகங்கள் இல்லாமல் இல்லை. டோனி குபால்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 'லெசன்ஸ் இன் எலக்ட்ரிக் சர்க்யூட்ஸ்' என்று ஆறு பாகம் எழுதி இணையத்தில் இலவசமாகவே விட்டிருக்கிறார். டிசி, ஏசி, செமிகண்டக்டர், டிஜிட்டல் என்று அடியிலிருந்து தொடங்கும். யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மொழிபெயர்ப்பையும் அதே உரிமத்தில் விட வேண்டும், அவ்வளவுதான். இதைத் தமிழில் கொண்டுவர யாரிடமும் போய் அனுமதிக்கு நிற்க வேண்டியதில்லை.

அதோடு டேட்டாஷீட், அதாவது ஒவ்வொரு பார்ட்டின் விவரத்தாள், படிக்கச் சொல்லித்தரும் சின்னக் கையேடு ஒன்றும் வேண்டும். 1என்4007 டையோடு 1 ஆம்பியர், 1000 வோல்ட் தாங்கும் என்பதும், வோல்ட்டை நிலையாக வைக்கும் 7805 ஐசிக்கு உள்ளே 7 வோல்ட்டாவது கொடுத்தால்தான் வெளியே 5 வோல்ட் நிலையாக வரும் என்பதும் டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, தயாரிக்கும் நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. ஆங்கிலத்தைப் பார்த்ததும் பையன்கள் மூடிவைத்துவிடுகிறார்கள். எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று நாலு பக்கம் தமிழில் எழுதினாலே போதும், மிச்சமெல்லாம் எண்கள்தானே.

நூலகத் துறை மனது வைத்து, கடலோரக் கிளை நூலகங்களில் இத்தகைய புத்தகங்களை அச்சிட்டு வைக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கரையில்தான் நிற்கும். பாலிடெக்னிக் ஆசிரியர்கள் அந்த நாட்களில் வாரம் ஒரு மாலை எங்கள் ஊர்களுக்கு வந்து வகுப்பு எடுத்தால், பையன்கள் கட்டாயம் வருவார்கள். இடம் நாங்களே ஏற்பாடு செய்து தருகிறோம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் வாசகர் ஒருவர்