இலை உதிரும்போது கத்திக்கும் ஓய்வு கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தை, மாசியில் குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் மரங்கள் இலை முழுவதையும் கொட்டித் துளிர்க்கின்றன. தண்டிலும் பட்டையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கொண்டுதான் மரம் தளிர் விடுகிறது. அந்த நேரத்திலும் பட்டையைக் கத்தியால் கீறிப் பால் வெட்டினால், பால் பிடிக்கும் சிரட்டையில் பால் குறையும், அதுவும் நீர்த்துப்போகும். தொடர்ந்து வெட்டினால் வெட்டுப்பட்டை காய்ந்து மரமே பால் தராமல் போகலாம். தளிர் கண்டதும் கத்தியை வைத்துவிட்டு, இலை கரும்பச்சையாக முற்றிய பிறகே மீண்டும் எடுக்க வேண்டும். வருமானத்தை விடுவது கடினம்தான். ஆனால் இது மரத்துக்குச் சேர வேண்டிய பங்கு.

செம்பு நிறத் தளிரில் அதிகாலைப் பனி இறங்கினால் சாம்பல் நோய் வரும். வெள்ளைப் பொடி படிந்து, இலை சுருண்டு விழுந்து, காம்புகள் மட்டும் ஈர்க்குச்சி போல நிற்கும். காம்பு நிற்பதைப் பார்த்த பிறகு மருந்து தேடினால் தாமதம். தளிர்க்கத் தொடங்கும்போதே, விடியற்காலை ஈரத்தில், ஏக்கருக்குச் சுமார் 5 கிலோ கந்தகத்தூளை 7 முதல் 10 நாள் இடைவெளியில் 3 முறையாவது தூவ வேண்டும்.

உதிர்ந்த சருகை எரிக்காதீர்கள், அது மண்ணுக்கு உரம். தோட்ட ஓரத்தில் மட்டும் தீத்தடுப்புக்காகக் கூட்டி ஒதுக்குங்கள். இந்த வாரங்களில் வெட்டுத் தொழிலாளர்களுக்கு வேறு வேலையோ முன்பணமோ தருவது தோட்டக்காரர்களின் கடமை.

ரப்பர் விவசாயிகள் சிலர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.