டெண்டர் போடும் முன் நூலகர்களைக் கூப்பிடுங்கள்

பொது நூலகங்களுக்குப் புதிய கணினி நூற்பட்டியல் அமைக்கும் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பல வருடமாக இருக்கிறேன்.

போன மாதம் நூலகக் கணினியில் 'கி.ரா.' என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. 'கி. ராஜநாராயணன்' என்று முழுதாக அடித்தேன். இரண்டு புத்தகம் காட்டியது. நூலகர் எழுந்து போய் ஐந்தே நிமிடத்தில் ஏழு புத்தகங்களை மேசையில் வைத்தார். மீதி ஐந்தும் பட்டியலில் இல்லாமல் இல்லை. ஒன்று 'ராஜநாராயணன் கி', ஒன்று 'இராஜநாராயணன்', மற்றவை ஆங்கில எழுத்தில், மூன்றும் மூன்று விதமாக.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. இடப்பக்கம் புனைபெயர், வலப்பக்கம் இயற்பெயர். கல்கிக்கு நேராக ரா. கிருஷ்ணமூர்த்தி, புதுமைப்பித்தனுக்கு நேராக சொ. விருத்தாசலம். சிவப்பு மையில், வாசகர்கள் வாய்வழக்கில் கேட்கும் பெயர். உங்கள் பட்டியலுக்கு அஸ்திவாரமே அந்த நோட்டுதான். ஆனால் இப்போதைய மென்பொருள் வந்தபோது அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அரை நாள் பயிற்சி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், இயற்பெயருக்கு ஒரு கட்டம் என்று வைத்தால் ஆளுக்கொரு விதமாகத்தான் நிரப்புவார்கள். இது தெரிந்தவர் வடிவமைக்கும்போதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்று நம் நூலகங்கள் பலவற்றில் ஓடும் கோஹா மென்பொருள் அப்படித்தான் பிறந்தது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக 1999-ல் எழுதப்பட்டது. என்ன வேண்டும் என்று அங்கிருந்த நூலகர்களே மென்பொருள்காரர்களோடு உட்கார்ந்து சொன்னார்கள். 2000 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது.

ஆகவே டெண்டர் போடும் முன்பே கிளை நூலகர்களையும் ஊர்ப்புற நூலகர்களையும் குழுவில் சேருங்கள். பின்னால் கருத்துக் கேட்பது போதாது, முடிவெடுக்கும் இடத்திலேயே அவர்கள் இருக்க வேண்டும். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருளின் துணையோடு படிக்கும் பார்வையற்ற வாசகர் ஒருவரும் கட்டாயம் வேண்டும். பொத்தானுக்குப் பெயர் வைக்காமல் விட்டால் அவருக்குத் தேடல் பக்கம் முழுவதும் வெறும் சுவர். அப்புறம், பதிவேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்யப்போகும் தற்காலிக ஊழியர்களையும் மறந்துவிடாதீர்கள். பிழை நுழைவதும் தடுக்கப்படுவதும் அவர்கள் கையில்தான்.

நீள நோட்டைப் பிரதி எடுத்துக்கொள்ள நூலகர் சம்மதித்துவிட்டார். எங்கே கொண்டுவந்து தர வேண்டும் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர்