மே மாதம் வேண்டாம், சேகர்

குன்னூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாமல் இருந்தது தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதை மணி இன்னும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறானா?

மே மூன்றாம் வாரம் ஊட்டியில் ரூம் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். பணம் கட்டிவிடாதே. அதைச் சொல்லத்தான் இந்த ராத்திரியில் எழுதுகிறேன்.

"எந்த மாசம் ஊட்டி நல்லாருக்கும்" என்று கேட்கிறாய். அப்படி ஒரு மாசம் கிடையாதுடா. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் இருக்கிற பர்லியாருக்கு ஒரு மாசம், பைக்காரா அருவிக்கு ஒரு மாசம், ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவுக்கு ஒரு மாசம். ஜூலையில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு சிரிப்பும் பேச்சுமாக நிற்கிற அதே பர்லியார் வளைவில், மே மாதம் புருஷனும் பெண்டாட்டியும் எரிந்து விழுகிறார்கள்.

ஏன் என்று கேள். மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,200க்கு மேல். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குச் சற்று அதிகமாகவே வெக்கை குறையும். ஆக, கீழே 37 என்றால் மேலே 25 சொச்சம். பர்லியார் தாண்டி முதல் குளிர்காற்று முகத்தில் அடிக்கிறதே, மொத்தப் பயணத்திலும் மனசு லேசாகிற நிமிஷம் அதுதான். மே மாத நெரிசல் பறிப்பது சரியாக அந்த நிமிஷத்தைத்தான். முன்னால் பஸ் புகை, கண்ணாடி ஏற்றிய வண்டி, பின்சீட்டில் குழந்தை வாந்தி. ஏற்றத்தில் ஊர்ந்து ஊர்ந்து போகையில் கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடித்தால் தட்டு கருகி நாற்றம் வரும். உள்ளே இருப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். ஹேண்ட்பிரேக் போட்டு நில், முன்வண்டி இருபதடி போனபிறகு எடு. 2024 மே 7 முதல் வண்டிக்கு ஆன்லைனில் அனுமதி வாங்குகிற இ-பாஸ் வேறு. 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பே வைத்தார்கள். சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். திரும்புகையில் பர்லியாரில் பழம் வாங்கலாம் என்ற உன் திட்டமும் அதோடு போச்சு.

போட்டோ பார்த்து வருகிறவர்களின் ஏமாற்றம் இன்னொரு வகை. பைக்காரா அருவி மழைக்காலப் படத்தில் வெள்ளையாகக் கொட்டும். மே மாதம் போய் நின்றால் பாறைதான். முதுமலை இதற்குத் தலைகீழ். பிப்ரவரி, மார்ச்சில் தேக்கு இலை உதிர்ந்து காடே காய்ந்து கிடக்கும், "இதுவா காடு" என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் மானும் யானையும் தண்ணீர் தேடி வெளியே வருவது அப்போதுதான். ஆகஸ்டில் காடு பச்சைப்பசேல், மிருகம் எல்லாம் புதருக்குள்ளே.

மலை ரயிலில் முழுத் தூரமும் போகவேண்டும் என்கிறாய். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பினால் ஊட்டி சேர மத்தியானம் ஆகும், 46 கிலோமீட்டருக்கு. கல்லாறில், பின்னாலிருந்து தள்ளுகிற என்ஜினின் பல்சக்கரம் தண்டவாளத்து நடுப்பல்லைப் பிடித்து ஏறத் தொடங்கும்போது பெட்டி முழுக்கக் கூச்சல். ஹில்குரோவ் ஸ்டேஷனில் இறங்கி டீ, குரங்கு வேடிக்கை. அதற்குப்பிறகு ஒருமணி நேரத்தில் பிள்ளைகள் "எப்ப வரும்" என்று ஆரம்பிப்பார்கள், பெரியவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். அம்மாவுக்கு அது வேண்டாம். குன்னூரிலிருந்து ஊட்டி 19 கிலோமீட்டர், ஒருமணி நேரத்துக்குச் சற்றே கூட. அது போதும், கேத்திப் பள்ளத்தாக்கும் அந்தப் பகுதியில்தான் வருகிறது. நவம்பரில் மட்டும் ரயிலை நம்பி டிக்கெட் போடாதே. வடகிழக்கு மழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண்ணும் பாறையும் தண்டவாளத்தில் விழும், ரத்து செய்துவிடுவார்கள். சாலையில் வருகிறவர்களும் அந்த மாதம் மலையை ரசிப்பதில்லை. கண் எல்லாம் மேல்பக்கத்து மண்சரிவு மேலேயே இருக்கும்.

சின்னவள் உறைபனி கேட்கிறாளாமே. டிசம்பர் கடைசி, ஜனவரி. முந்தின ராத்திரி வானத்தில் நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் தலைகுந்தாவுக்குக் கிளம்புங்கள். மேகம் மூடினால் நிலத்துச் சூடு வெளியே போகாது, பனி உறையாது; படுத்துத் தூங்கலாம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். புல் வெள்ளையாகக் கிடப்பதைப் பார்த்துக் குதிக்காத பிள்ளையே கிடையாது. ஆனால் சேகர், அதே வெள்ளைதான் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகிறது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவனுக்குப் பறிக்க இலை இருக்காது. அவன் நின்றுகொண்டிருக்கும்போது அவன் வேலி ஓரத்தில் கூத்தும் செல்ஃபியுமாக இருக்கிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு தாங்குவதில்லை. சின்னவளுக்கு அதையும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போ.

உங்களுக்கு நான் சொல்வது காலாண்டு லீவு. கோடைக்கு அடுத்த இரண்டாம் சீசன், பூங்காவில் பூ இருக்கும், பைக்காராவில் தண்ணீர் இருக்கும், பெரிய மழை தொடங்கியிருக்காது. ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களை விட்டுவிடு. தொட்டபெட்டா சிகரத்தைக் காலையிலேயே முடி, மத்தியானத்துக்குமேல் மஞ்சு ஏறிவிடும். மேட்டுப்பாளையத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்து. நெய் ரோஸ்ட்டைப் பார்த்தால் உன் கை சும்மா இருக்காது என்று தெரியும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. சின்னவளை நடுவில் உட்காரவைத்து நேரே சாலையைப் பார்க்கச் சொல், போனை வாங்கி வை. இறங்கும்போது காது அடைக்கும், மிட்டாய் கொடு. நீ செகண்ட் கியரிலேயே இறங்கு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கடைசி வளைவுகளில் பெடல் பொதபொதவென்று உள்ளே போகும். நாற்றம் வந்தால் ஓரங்கட்டி அரைமணி ஆறவிடு, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதே.

தேதியை இந்த வாரமே எழுது. அம்மாவுக்குப் படி ஏறாத கீழ்த்தள ரூமாக நானே பார்த்து வைக்கிறேன்.

உன்,
பாலு